அளப்பவனை அளப்பது யார்?

கடைத்தெருவில் காய்கறி விற்பவரின் தராசுக்கும் எடைக்கற்களுக்கும் குறித்த காலத்துக்கு ஒருமுறை அரசு முத்திரை இடப்பட வேண்டும் என்பது சட்டம். எடைக்கல்லில் பதிந்திருக்கும் அந்தச் சிறு முத்திரையை வாங்குவோரில் பெரும்பாலோர் உற்றுப் பார்ப்பதில்லை. எனினும் அது ஓர் ஆழ்ந்த உண்மையை ஓசையின்றி அறிவித்துக்கொண்டிருக்கிறது. பிறவற்றை அளக்க வந்த பொருள் தானும் அளக்கப்பட வேண்டும் என்பதே அவ்வுண்மை. நடுவுநிலைமையைப் பற்றிப் பேச வந்த வள்ளுவர் துலாக்கோலை உவமையாக எடுத்துக்கொண்டதும் இதனாலன்றோ? தான் சாய்ந்து நிற்கும் தராசு, எவ்வளவு உயர்ந்த உலோகத்தால் ஆனதாயினும், பொய்யையே சொல்லும்.

பிறர்மேல் நாம் வைக்கும் அளவுகோல் ஒருநாள் நம்மிடமே திரும்பி வரும் என்று மலைப்பொழிவில் ஆண்டவர் இயேசு எச்சரித்தார். இதனைத் தண்டனை பற்றிய எச்சரிக்கையாகவே நாம் பெரும்பாலும் வாசித்து வந்திருக்கிறோம். பிறரைக் கடுமையாகத் தீர்ப்பிட்டால் இறுதி நாளில் நமக்கும் கடுமையான தீர்ப்புக் கிடைக்கும் என அஞ்சுகிறோம். அச்சம் நியாயமானதே. ஆயின் அந்தச் சொல்லில் அறிவைப் பற்றிய ஓர் உண்மையும் அடங்கியிருக்கிறதா? தன்னை அளந்து பார்க்காதவன் பிறரை அளக்கும்போது, அன்பில் மட்டுமன்றி அறிவிலும் தவறுகிறானா? இவ்வினாவை ஆராய, பக்தி நூல்களைவிட்டுச் சற்று விலகி, இதய ஆராய்ச்சிக் கூடமொன்றின் வாயிலுக்கு வாசகர்களை அழைத்துச் செல்ல விரும்புகிறேன். உயிருள்ள மனிதனின் இரத்தக் குழாய் எவ்வளவு விரிகிறது என்று அளக்கும் ஒரு முறையில், நம் வினாவுக்கான விடையின் பெரும்பகுதி கிடைக்கிறது.

ஐந்து நிமிடச் சோதனை

மனிதச் செவிக்கு எட்டாத ஒலியை உடலுக்குள் அனுப்பி, அது மோதித் திரும்பும் எதிரொலியைக் கொண்டு உள்ளுறுப்புகளைக் காண்பதே, மருத்துவமனைகளில் நாம் 'ஸ்கேன்' என்று சொல்லும் மீயொலிச் சோதனை. 1953 ஆம் ஆண்டு சுவீடன் நாட்டின் லுண்ட் நகரில் இங்கே எட்லர் என்ற மருத்துவரும் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும், உலோகத்தில் மறைந்திருக்கும் விரிசல்களைக் கண்டறியப் பயன்பட்ட கருவியை மனித மார்பின்மேல் வைத்து, துடிக்கும் இதயத்தின் அசைவைப் பதிவு செய்தார்கள். மார்பைப் பிளக்காமல் இதயத்தை நோக்கும் வழி இவ்வாறு பிறந்தது.

அதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து, 1992 இல், லண்டனில் டேவிட் செலெர்மேஜர் முதலான ஆய்வாளர்கள் இதே ஒலியைக் கொண்டு வேறொன்றை அளந்து, 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். இதய நோய் வெளிப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே இரத்தக் குழாயின் உட்படலம் பழுதடையத் தொடங்குகிறது. நெஞ்சுக்குள் இருக்கும் அக்குழாய்களை எளிதில் எட்ட முடியாது. எனவே கையிலும் தொடையிலும் உள்ள தமனிகளை அவர்கள் சோதித்தார்கள்.

இன்று இம்முறையைக் கையாளும் கூடங்களில் நடப்பது இதுதான். சோதனைக்கு வருபவர் வெறும் வயிற்றோடு, காப்பியும் புகையும் தவிர்த்து வந்து, அமைதியான அறையில் படுத்திருக்கிறார். முழங்கைக்குச் சற்று மேலே ஓடும் தமனியின் விட்டம் மீயொலியால் அளக்கப்படுகிறது. பின்னர், இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை முன்கையில் சுற்றி, இரத்தம் ஓடாதவாறு ஏறத்தாழ ஐந்து நிமிடம் இறுக்குகிறார்கள். பட்டை தளர்ந்ததும், தடுத்து நிறுத்தப்பட்டிருந்த இரத்தம் வெள்ளமெனப் பாய்கிறது. அந்த ஓட்டத்தின் உராய்வை உணரும் உட்படலம் நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயுவைச் சுரந்து, வெளியே சூழ்ந்திருக்கும் தசைக்குத் தளருமாறு செய்தி அனுப்புகிறது. தசை தளர, குழாய் விரிகிறது. ஒரு நிமிட அளவில் அந்த விரிவு உச்சத்தை அடையும்போது மீண்டும் விட்டத்தை அளக்கிறார்கள்.

1992 ஆம் ஆண்டின் அவ்வாய்வில் நலமாயிருந்தவர்களின் தமனிகள் விரிந்தன. புகைப்பவர்களிடமும், பிறவியிலேயே கொழுப்பு மிகுதியாயிருந்த சிறுவர்களிடமும், இதய நோயாளரிடமும் அவ்விரிவு பெரிதும் குறைந்திருந்தது. சிலரிடம் இல்லாமலே போயிருந்தது. எனினும் நெஞ்சு வலிக்காக நாக்கின் அடியில் இடும் நைட்ரேட் மருந்தைக் கொடுத்தபோது அவர்களுடைய தமனிகளும் விரிந்தன. தசை இன்னும் செயற்படுகிறது. அதற்குச் செய்தி அனுப்ப வேண்டிய உட்படலமே வாயடைத்துப் போயிருக்கிறது என்பது இதனால் விளங்கிற்று.

எவ்வளவு அழகிய முறை! உடலில் கத்தி படவில்லை. கைக்கும் ஐந்து நிமிட இறுக்கத்துக்கு மேல் வருத்தமில்லை. ஆயினும் இந்த எளிய அளவைக்குப் பின்னே அளப்பவன் தவறுவதற்கு மூன்று வாயில்கள் திறந்திருக்கின்றன. அவனுடைய கை தவறலாம், கண் தவறலாம், விருப்பம் தவறலாம். இம்மூன்றும் நமக்கும் உரியவை.

கையின் தவறு

உட்படலம் பேசுகிறது என்பதை உலகுக்கு உணர்த்தியவர் அமெரிக்க ஆராய்ச்சியாளர் ராபர்ட் ஃபர்ச்காட். ஆயின் அந்தப் பேச்சை அவரும் இருபத்தைந்து ஆண்டுகள் கேட்கவில்லை. முயலின் பெருந்தமனியிலிருந்து சுருள் வடிவில் துண்டு வெட்டியெடுத்து, அசிட்டைல்கோலின் என்ற பொருள் பட்டால் அது என்ன செய்கிறது என்று அவர் ஆராய்ந்தார். துண்டு சுருங்கியது. 1953 இல் அவ்வாறே பதிவும் செய்தார். உயிருள்ள உடலில் அதே பொருள் இரத்தக் குழாய்களை விரியச் செய்கிறதே, ஆய்வுக்கூடத்தில் ஏன் சுருக்குகிறது என்பது விடை காணாத புதிராகவே இருந்தது.

1978 இல் அவருடைய உதவியாளர் ஒருவர் சோதனையின் வரிசையைத் தவறாக மாற்றிவிட்டார். அதனால் எதிர்பாராத விளைவு ஒன்று தோன்றியது. சுருங்க வேண்டிய தமனி தளர்ந்தது. ஃபர்ச்காட் அத்தவற்றைக் கடிந்து ஒதுக்கிவிடாமல் காரணத்தைத் தேடினார். வெட்டி ஆயத்தம் செய்கையில், தமனியின் உட்புறம் மற்றொரு பரப்பில் உராயும்போது, கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய உட்படலம் தேய்ந்து போய்விடுகிறது. படலம் தேய்ந்த தமனி சுருங்குகிறது. படலம் காக்கப்பட்ட தமனி தளர்கிறது. இவ்வளவே புதிரின் விடை. 1980 இல் இதனை வெளியிட்டார். 1998 இல் வேறு இருவரோடு நோபெல் பரிசு பெற்றார். பழைய சோதனைகளில் படலம் தம்மை அறியாமலே தேய்க்கப்பட்டிருந்ததைத் தம் நோபெல் உரையில் அவரே விளக்கினார்.

அன்பு வாசகர்களே, இங்குச் சற்று நிற்போம். அந்த விஞ்ஞானி பொய் சொல்லவில்லை. கண்டதையே எழுதினார். அவருடைய கருவியும் பழுதற்றதே. ஆயின் ஆராய்வதற்காகக் கையில் எடுத்தபோதே, ஆராய வேண்டியதை அக்கை அழித்துவிட்டது. அதன்பிறகு, "இங்கே அத்தகைய ஆற்றல் எதுவும் இல்லை" என்ற முடிவு உண்மை போலவே தோன்றிற்று. தன் விரலால் தேய்த்து அகற்றியதை, முன்பே இல்லாதிருந்தது என்று அளப்பவன் பதிவு செய்கிறான்! மனிதத் தீர்ப்புகளில் எத்தனை இவ்வகையைச் சார்ந்தவை என்று எண்ணும்போது நெஞ்சு நடுங்குகிறது.

கண்ணின் தவறு

அடுத்தது கண். முழங்கைக்கு மேலுள்ள தமனியின் விட்டம் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் என்று கொள்வோம். 5 விழுக்காடு விரிவு என்றால் அது 0.2 மில்லிமீட்டர். ஒலிக்கருவியைப் பிடித்திருக்கும் கை சற்றே சாய்ந்தாலும், தோலின்மேல் அது சிறிதே நகர்ந்தாலும், இந்த வேறுபாடு பொய்யாகத் தோன்றலாம், அல்லது மறையலாம். இதயம் சுருங்கும்போதும் விரியும்போதும் தமனியின் அளவு மாறுவதால், இதயத் துடிப்பின் ஒரே கட்டத்தில் அளவெடுக்க வேண்டும். ஒரு துடிப்பை மட்டும் நம்பாமல் பல துடிப்புகளின் சராசரியைக் காண வேண்டும்.

இவை அனைத்தையும் கடைப்பிடித்தாலும் ஓர் ஆபத்து எஞ்சுகிறது. திரையில் தமனியின் சுவர் கத்தியால் கீறியது போன்ற தெளிந்த கோடாகத் தெரிவதில்லை. ஓரங்களில் சற்றே மங்கியிருக்கும். கோடு இங்கே முடிகிறதா, ஒரு மயிரிழை தள்ளி முடிகிறதா என்று தீர்மானிப்பவன் மனிதன். 'இவர் புகைப்பவர்' என்று முன்னரே அறிந்திருந்தால், அவனை அறியாமலே அவன் கண் குறைந்த அளவைத் தேர்ந்தெடுக்கும். 'இவருக்கு நம் புதிய மருந்து கொடுக்கப்பட்டது' என்று அறிந்திருந்தால், அதே கண் மிகுந்த அளவைத் தேர்ந்தெடுக்கும். அவன் வஞ்சகன் அல்லன், விரும்புகிறவன். அதுவே போதும்.

ஆதலால் நல்ல ஆய்வுகளில் அளப்பவனிடமிருந்து ஆளின் அடையாளம் மறைக்கப்படுகிறது. படம் யாருடையது, நலமுள்ளவருடையதா நோயாளருடையதா, பட்டையை இறுக்குவதற்கு முன் எடுத்ததா பின் எடுத்ததா என்பதொன்றும் அவனுக்குச் சொல்லப்படுவதில்லை. ஓரங்களைக் கண்டறியும் பணியைக் கணிப்பொறியிடம் ஒப்படைப்போரும் உண்டு. உண்மையைக் காண்பதற்காகக் கண்ணின் ஒரு பகுதியைத் தாங்களே கட்டிக்கொள்கிறார்கள். வலக்கை செய்யும் தருமத்தை இடக்கை அறியாதிருக்க வேண்டும் என்று ஆண்டவர் சொன்னது இங்கே புதியதொரு பொருளைப் பெறுகிறது. நன்மை செய்வதில் தற்பெருமை எவ்வாறு நுழைந்து கெடுக்கிறதோ, அவ்வாறே காண்பதில் விருப்பு வெறுப்பு நுழைந்து கெடுக்கிறது. இரண்டுக்கும் மருந்து ஒருவகை அறியாமையே. முதலிற் சொன்னது அருளாளர்கள் தேடிய அறியாமை. அடுத்தது ஆய்வாளர்கள் தேடும் அறியாமை.

விருப்பத்தின் தவறு

கை தவறவில்லை, கண்ணும் தவறவில்லை. அப்போதும் மூன்றாவது வாயில் திறந்திருக்கிறது. அடையாளத்தைக் கண்டதும் பொருளையே கண்டுவிட்டதாக மகிழும் விருப்பம் அது.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் என்ற இயக்குநீரைக் கொடுத்தபோது அவர்களுடைய கைத்தமனி நன்கு விரிந்தது என 1994 இல் ஓர் ஆய்வு கண்டது. இயக்குநீர் பெண்களின் இதயத்தைக் காக்கும் என்று வேறு பல சான்றுகளைக் கொண்டு மருத்துவ உலகம் ஏற்கெனவே நம்பிக்கொண்டிருந்தது. கைத்தமனியின் சாட்சியும் அந்நம்பிக்கைக்குத் துணை நின்றது. ஆயின் விரிந்த தமனி ஓர் அடையாளம் மட்டுமே. தாய்மாருக்கு மாரடைப்பு குறைகிறதா என்பதே உண்மையான வினா.

அந்த வினாவை நேரடியாகக் கேட்கும் பேராய்வு ஒன்று அமெரிக்காவில் நடந்தது. 50 முதல் 79 வயது வரையுள்ள 16,608 பெண்களில் ஒரு பகுதியினருக்கு ஈஸ்ட்ரோஜனும் அதனோடு மற்றோர் இயக்குநீரும் கலந்த மாத்திரையும், மறுபகுதியினருக்கு மருந்தற்ற வெறும் மாத்திரையும் கொடுக்கப்பட்டன. யாருக்கு எது என்பது மறைக்கப்பட்டிருந்தது. சராசரியாக 5.2 ஆண்டுகள் கழிந்த நிலையில், 2002 ஆம் ஆண்டு சூலையில், குறித்த காலத்துக்கு முன்னரே அவ்வாய்வு நிறுத்தப்பட்டது. மார்பகப் புற்றுநோயும் பக்கவாதமும் இரத்தக் கட்டிகளும் மருந்து உண்டவர்களிடம் மிகுந்திருந்தன. இதய நோயோ குறையவில்லை. முதல் அறிக்கையின்படி, ஆண்டொன்றுக்குப் பத்தாயிரம் பெண்களில் 30 ஆக இருந்த இதய நோய், மருந்து உண்டவர்களிடம் 37 ஆக இருந்தது.

நேர்மையாகச் சொல்ல வேண்டுமாயின், இரு ஆய்வுகளிலும் கொடுத்த மருந்து ஒன்றே அன்று. பேராய்வில் கலந்துகொண்டோருள் வயது முதிர்ந்தவர் பலர். இளையவர்க்கும் முதியவர்க்கும் விளைவு வேறுபடுவதைப் பின்வந்த ஆராய்ச்சிகள் சுட்டின. தமனி விரிவை அளக்கும் முறையும் பயனற்றுப் போய்விடவில்லை. விரிவு குறைந்தவர்களிடையே இதய நோய் மிகுதியாய்க் காணப்படுவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆயினும் ஒரு பாடம் அழியாமல் நிற்கிறது. அளவு பொய்யாகாமலே அளந்தவனின் முடிவு பொய்யாகலாம். தமனி விரிந்தது உண்மை. ஆகவே அப்பெண் நலமடைவாள் என்பது விருப்பம். உண்மைக்கும் விருப்பத்துக்கும் இடையே இருந்த 'ஆகவே' என்ற சிறு சொல்லை யாரும் அளக்கவில்லை.

ஈசாயின் இல்லத்தில் மூத்த மகனின் தோற்றத்தையும் உயரத்தையும் கண்ட சாமுவேல், ஆண்டவர் தேர்ந்துகொண்டவர் இவரே என்று முடிவு செய்துவிட்டார் அல்லவா? அவர் கண்ட உயரம் பொய்யன்று. இறைவாக்கினராயினும், உயரத்திலிருந்து உள்ளத்துக்குத் தாவிய அந்த ஒரு கணத்தில் அவர் தவறினார். ஆடுகளை மேய்த்துக்கொண்டிருந்த இளையவனை அழைத்து வரும்வரை, கையிலிருந்த எண்ணெய் காத்திருக்க நேர்ந்தது.

அளப்பதும் அளக்கப்படுவதும்

உண்மை என்பது அறிவும் பொருளும் ஒத்திசைவதே என்று விளக்கிய அக்குவினா நகர்ப் புனித தோமையார், உண்மையைப் பற்றிய தம் விவாத வினாக்களில் ஓர் அரிய வேறுபாட்டைக் காட்டுகிறார். கைவினைஞன் செய்யும் பொருளுக்கு அவனுடைய எண்ணமே அளவுகோல். தச்சர் மனத்தில் கொண்ட வடிவத்துக்கு ஏற்ப மேசை அமைந்தால், அது நல்ல மேசை. ஆயின் இயற்கைப் பொருள்களைப் பொறுத்தவரை முறை தலைகீழாகிறது. அங்கே நம் அறிவு பொருளை அளப்பதில்லை. பொருளே நம் அறிவை அளக்கிறது. அப்பொருளை அளப்பதோ இறைவனின் அறிவு. இறையறிவு அளக்கும், அளக்கப்படுவதில்லை. படைப்புப் பொருள் அளக்கும், அளக்கவும் படும். அப்பொருளின்முன் நம் அறிவு அளக்கப்படுவது மட்டுமே.

குருமடத்தில் பயின்ற நாள்களில் இதனைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தேன். இன்று, தமனியின்மேல் ஒலிக்கருவியைப் பிடித்திருக்கும் ஆய்வாளரை எண்ணும்போதுதான் இதன் பொருள் துலங்குகிறது. அவர் தமனியை அளப்பதாக நினைக்கிறார். உண்மையில் அந்தத் தமனி அவரை அளந்துகொண்டிருக்கிறது. கை எவ்வளவு மென்மையானது, கண் எவ்வளவு நடுநிலையானது, மனம் எவ்வளவு அடக்கமானது என்று அது சோதிக்கிறது. படைப்புப் பொருள்களின் உண்மையைத் தாழ்ச்சியோடும் உறுதியோடும் ஆராய்கிறவரை, அவர் அறியாவிடினும், இறைவனின் கை நடத்திச் செல்கிறது என்ற கருத்தை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 இல் 'இன்றைய உலகில் திருச்சபை' என்ற ஏட்டில் எடுத்துரைத்தது. தாழ்ச்சி என்ற சொல் அங்கே அணியாக வைக்கப்பட்டதன்று. அறிவுக்கே அது நிபந்தனை.

உயிரற்ற ஒலியால் ஒரு தமனியை அளப்பதற்கே இத்தனை எச்சரிக்கை வேண்டுமென்றால், ஒரு மனிதனின் உள்ளத்தை அளக்க எத்தனை வேண்டும்? பரிசேயர் சீமோனின் விருந்தில் நிகழ்ந்ததை நினைவுகூர்வோம். கண்ணீரால் ஆண்டவரின் காலடிகளை நனைத்த பெண்ணைச் சீமோன் அளந்தார். அவளை விலக்காததால் ஆண்டவரையும் அளந்தார். ஆனால் கால் கழுவத் தண்ணீரும், வரவேற்கும் முத்தமும், தலைக்கு எண்ணெயும் தம் வீட்டில் கொடுக்கப்படவில்லை என்பதை அவர் அளக்கவே இல்லை. ஆண்டவர் அந்த அளவுகோலை மெல்லத் திருப்பிச் சீமோனின்மேல் வைத்தார். அதுவரை அவள் ஒரு பாவி மட்டுமே. அளவுகோல் திரும்பியபின் அவளே அந்த விருந்தில் மிகுந்த அன்புடையவள் என்று தெரிந்தது.

ஒரு பதிவேட்டின் பக்கம்

இவ்வளவும் எழுதிவிட்டு என்னை அளக்காமல் விட்டால் நானும் சீமோனின் பந்தியில் அமர்ந்தவன் ஆவேன். எனவே ஒன்றைச் சொல்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூர்ப் பங்கில் பணியாற்றியபோது, ஆண்டறிக்கைக்காகக் குடும்பப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். தச்சு வேலை செய்யும் இளைஞர் ஒருவர் ஈராண்டுகளாக ஞாயிறு திருப்பலிக்கு வரவில்லை. உயிர்ப்புப் பெருவிழாவிலும் நற்கருணை பெறவில்லை. அவருடைய பெயருக்கு எதிரே, 'விசுவாசத்தில் குன்றியவர்' என்று எழுதினேன். என் கணக்கில் பிழையில்லை. அவர் வராதது உண்மை.

சில மாதங்கள் கழித்து அவருடைய தாயார், தம் கணவரின் நினைவுத் திருப்பலிக்குப் பெயர் கொடுக்க வந்தார். "உங்கள் மகனையும் அழைத்து வாருங்கள் அம்மா, அவனுக்கு இறைப்பற்றே இல்லாமல் போயிற்றே" என்றேன். அவர் சிறிது நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "சாமி, அவன் அப்பா இறந்த அன்று, குழி வெட்டச் சொல்லிக் கேட்க உங்களிடம்தான் ஓடி வந்தான். மூன்று வருடக் கோவில் வரி பாக்கி இருக்கிறதே என்று எல்லார் முன்னாலும் சொன்னீர்கள். அன்றைக்கே கடன் வாங்கிக் கட்டினான். அதற்குப் பிறகுதான் கோவிலுக்குள் வரமாட்டேன் என்கிறான். இரவில் செபமாலை சொல்லாமல் மட்டும் அவன் படுக்கிறதில்லை."

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாயிருந்திருக்கும். அந்த நாள் என் நினைவுக்கு வந்தது. வரி பாக்கியைச் சொன்னதும் நினைவுக்கு வந்தது. அந்த முகம் மட்டும் நினைவுக்கு வரவில்லை. நான் அதைப் பார்த்திருக்கவே மாட்டேன்.

ஃபர்ச்காட் அவர்களின் சோதனையைப் பற்றிப் பின்னாளில் படித்தபோது, எனக்கு முன்னே தோன்றியது அந்தப் பதிவேட்டின் பக்கமே. தேய்த்தவை என் விரல்கள். தேய்ந்ததை எண்ணிப் பார்த்து, இல்லை என்று எழுதியதும் என் விரல்களே. என் கை தவறிற்று. 'வரி கட்டாத குடும்பம்' என்று முன்னரே அறிந்திருந்ததால் என் கண் தவறிற்று. திருப்பலிக்கு வருதல் என்ற அடையாளத்தை விசுவாசம் என்ற பொருளாகவே கொண்டதால் என் விருப்பமும் தவறிற்று. மூன்று வாயில்களும் ஒரே சமயத்தில் திறந்திருந்தன.

செலெர்மேஜர் குழுவினர் 1996 இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வும் இங்கே நினைவுக்கு வருகிறது. தாங்கள் ஒருபோதும் புகைக்காமல், வீட்டிலோ பணியிடத்திலோ பிறர் விட்ட புகையைப் பல ஆண்டுகள் சுவாசித்த இளைஞர்களின் தமனிகளை அவர்கள் அளந்தார்கள். புகையறியாதவர்களிடம் சராசரியாக 8.2 விழுக்காடாக இருந்த விரிவு, பிறரின் புகையைச் சுவாசித்தவர்களிடம் 3.1 விழுக்காடாகவே இருந்தது. குறை அவர்களுடைய கையில் அளக்கப்பட்டது. அதன் காரணமோ அருகில் அமர்ந்திருந்தவரின் விரல்களிடையே புகைந்துகொண்டிருந்தது. நாம் ஒருவரிடம் காணும் இறுக்கம் அவருடையதுதானா, அல்லது அவர் அருகில் வாழும் நாம் விட்ட புகையா?

தீர்ப்பே கூடாதா?

அப்படியானால் எவரையும் எதையும் அளக்கவே கூடாதா என்று வாசகர் கேட்கலாம். ஆசிரியர் மாணவனின் விடைத்தாளைத் திருத்த வேண்டும். பெற்றோர் பிள்ளையின் நடத்தையைக் கவனிக்க வேண்டும். முதலாளி வேலையாளின் உழைப்பை மதிப்பிட வேண்டும். பங்குத்தந்தை திருமணத்துக்கு வந்து நிற்போரின் தகுதியை ஆராய வேண்டும். அளவையைத் துறப்பது தாழ்ச்சியன்று. பல வேளைகளில் அது கடமையிலிருந்து தப்பியோடுதலே. தவறு நேரும் என்று கண்ட ஆய்வாளர்கள் மீயொலிக் கருவியைக் கடலில் எறிந்துவிடவில்லை. எப்படிப் பிடிக்க வேண்டும், எப்போது அளக்க வேண்டும், எதனை மறைக்க வேண்டும் என்று நெறிமுறைகள் வகுத்து, ஆண்டுதோறும் தங்களைத் திருத்திக்கொண்டே வருகிறார்கள்.

நாமும் அவ்வாறே செய்யலாம். ஒருவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நேரும்போது, முதலில் நம் கையைப் பார்ப்போம்: இவரை இந்நிலைக்கு ஆக்கியதில் என் பங்கு உண்டா? அடுத்து நம் கண்ணைப் பார்ப்போம்: இதையே எனக்கு வேண்டியவர் செய்திருந்தால் இப்படித்தான் கண்டிருப்பேனா? இறுதியில் நம் விருப்பத்தைப் பார்ப்போம்: நான் கண்டது ஓர் அடையாளம், அதிலிருந்து அவர் உள்ளத்துக்கு நான் தாவிய 'ஆகவே' எங்கிருந்து வந்தது? இம்மூன்றையும் கேட்டபின்னும் சொல்ல வேண்டிய தீர்ப்பு எஞ்சியிருந்தால், அதைச் சொல்லலாம். பெரும்பாலும் அது நாம் முதலில் சொல்ல நினைத்ததைவிடச் சிறியதாகவே இருக்கும்.

அந்தத் தாயார் வந்த மறுநாள் நான் அந்த இளைஞரின் பட்டறைக்குச் சென்றேன். அவர் உளியைக் கீழே வைத்துவிட்டு ஒரு முக்காலியை என்பக்கம் நகர்த்தினார். மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அவர் கோவிலுக்குத் திரும்பினாரா, எப்போது திரும்பினார் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், அதையே ஓர் அளவாகக் கொண்டு, நான் கேட்ட மன்னிப்பு எவ்வளவு பலித்தது என்று நீங்களும் நானும் கணக்கிடத் தொடங்கிவிடுவோம்.

பதிவேட்டில் எழுதியதை மட்டும் அன்றிரவே அடித்துவிட்டேன். மை ஊறிய அந்தக் கோடு இன்றும் அங்கே இருக்கும். எனக்குப் பின் அப்பங்குக்கு வந்த குருக்கள் அதைப் பார்த்து, என்ன பிழை நேர்ந்ததோ என்று எண்ணியிருக்கக் கூடும். என்னைப் பொறுத்தவரை, என் எடைக்கல்லின்மேல் விழுந்த முதல் முத்திரை அது.